இருப்புப்பாதையும் இலக்கணப் படமும்

மன்னார்த் தீவினூடாகத் தலைமன்னார்த் துறைவரை செல்லும் இருப்புப்பாதை 1914ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. கொழும்பிற் புகையிரதம் ஏறிய பயணி துறையில் இறங்கி, கப்பலில் தனுஷ்கோடி சேர்ந்து, மீண்டும் புகையிரதத்தில் சென்னையை அடைந்தான். வரிசை பிறழ்ந்தால் பயணமில்லை.

கணினி மொழியின் இலக்கணமும் இத்தகைய வரிசையையே வேண்டுகிறது. 1974இல் வெளிவந்த பாஸ்கல் மொழிக் கையேட்டில் கத்லீன் ஜென்சனும் நிக்லாஸ் விர்த்தும் அவ்விலக்கணத்தைக் கோட்டுப் படங்களாகத் தந்தனர். இத்தகைய படங்களை இருப்புப்பாதைப் படங்கள் என்பர். இடப்புறம் புறப்பட்டு வலப்புறம் சேர வேண்டும். கோடு கிளைத்தால் அது தெரிவு. பின்னோக்கி வளைந்து வந்தால் அது மீள்வரவு. சந்தியில் தண்டவாளம் வளைந்த பக்கமே வண்டி செல்லும். ஆதலின் வளைவைப் பிழைபட வரைபவர், பிழையான வாக்கியத்திற்கும் வழி திறந்துவிடுகிறார்.

கோடு ஓரிடத்தில் அறுந்தாலும் மறுமுனை எட்டாததாகிவிடும். தலைமன்னார் இதனை நன்கறியும். 1964 டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடி அழிந்தது. 1980களில் கப்பலும் 1990இல் புகையிரதமும் நின்றன. 2015 மார்ச்சில் தண்டவாளம் மீண்டும் துறையைத் தொட்டது. கடல்வழியோ அன்று இணையவில்லை. படத்திற்கும் பாதைக்கும் விதி ஒன்றே: அறாத கோடே கொண்டு சேர்க்கும்.