முதுமை மறதி நோய்: வீட்டின் அன்றாட ஒழுங்கும் குடும்பக் கதைகளும்

டிமென்ஷியா எனப்படும் முதுமை மறதி நோய், மூளை உயிரணுக்கள் சிதைவதாலோ மூளைக்குச் செல்லும் இரத்த ஓட்டம் குறைவதாலோ நினைவாற்றலும் மொழியும் அன்றாடச் செயல்திறனும் படிப்படியாகக் குன்றும் நிலையாகும். இது முதுமையின் இயல்பான பகுதி அன்று. இந்தியாவில் 60 வயதுக்கு மேற்பட்டோரில் சுமார் 7.4 விழுக்காட்டினர், அதாவது ஏறத்தாழ 88 இலட்சம் பேர், இந்நோயுடன் வாழ்வதாக 2023-ஆம் ஆண்டு வெளியான தேசிய அளவிலான ஆய்வு மதிப்பிட்டுள்ளது. இவர்களில் பெரும்பாலோர் தம் வீட்டில், மகள், மருமகள் அல்லது வாழ்க்கைத் துணையின் பராமரிப்பிலேயே உள்ளனர்.

நோயை முற்றிலும் குணப்படுத்தும் மருந்து இன்றுவரை இல்லை. ஆயினும், நோயாளியின் அச்சத்தையும் அலைக்கழிப்பையும் குறைப்பதற்கு வீட்டில் செய்யக்கூடியவை பல உள்ளன.

முதலில் மருத்துவரிடம் காட்டுங்கள்

மறதி அனைத்தும் டிமென்ஷியா ஆகாது. தைராய்டு குறைபாடு, வைட்டமின் பி12 குறைபாடு, மனச்சோர்வு, சில மருந்துகளின் பக்கவிளைவு, காது கேளாமை ஆகியவையும் அதே தோற்றத்தைத் தரும்; இவற்றிற்குச் சிகிச்சை உண்டு. வந்தவாசி, ஆரணி வட்டாரத்தினர் அருகிலுள்ள அரசு மருத்துவமனையில் முதற்கட்டப் பரிசோதனை செய்துகொண்டு, தேவைப்படின் திருவண்ணாமலை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையை அணுகலாம். "வயதானால் அப்படித்தான்" என்று விட்டுவிடுவதே நாம் அதிகம் காணும் தாமதம்.

அன்றாட ஒழுங்கு ஏன் உதவுகிறது

இந்நோயில் அண்மைய நிகழ்வுகளின் நினைவே பெரும்பாலும் முதலில் மங்குகிறது. காலையில் உண்டது நினைவிராது. ஆனால் பல்லாண்டு பழகிய கைவேலையின் நினைவு நெடுநாள் எஞ்சியிருக்கும். எழுவதும் குளிப்பதும் உண்பதும் நாள்தோறும் அதே நேரத்தில், அதே வரிசையில் நிகழ்ந்தால், "அடுத்து என்ன?" என்று அவர் நினைவைத் தேட வேண்டியதில்லை, வீடே அதைச் சொல்லிவிடும்.

புதிய கால அட்டவணை ஒன்றை வரைந்து சுவரில் ஒட்டுவதைவிட, அவர் முன்பே வாழ்ந்த ஒழுங்கைக் கண்டறிந்து தொடர்வதே மேலானது என்பது எம் கருத்து. ஆரணியில் பட்டுத்தறியில் அமர்ந்தவருக்கு நாள் வெகு முன்னதாகவே தொடங்கியிருக்கும். அவர் விடியுமுன் எழுவது நோயாக இராமல் பழக்கமாகவே இருக்கலாம். வந்தவாசியில் கோரைப்பாய் நெய்யும் முஸ்லிம் குடும்பத்து முதியவருக்கு ஐவேளைப் பாங்கொலியே கடிகாரம். மற்றொரு வீட்டில் மாலை விளக்கேற்றுவது அவ்விடத்தை நிரப்பும். மாலை வேளையில் நோயாளிகள் பலர் குழப்பமும் பதற்றமும் அடைவர். எனவே இருள் கவியுமுன் விளக்குகளை ஏற்றுவதும், அந்நேரத்தில் விருந்தினர் வருகையையும் தொலைக்காட்சி இரைச்சலையும் குறைப்பதும் நன்று. பகலில் வெயில் வெளிச்சத்தில் சிறிது நேரம் நடப்பது இரவு உறக்கத்திற்கும் துணை செய்யும்.

கைக்கு வேலை கொடுங்கள்

தார் சுற்றுதல், சிக்கலான நூலைப் பிரித்தல், கோரைகளை நீளவாரியாக அடுக்குதல், பூக்கட்டுதல், பயறு புடைத்தல் போன்றவற்றை அவர் விரும்பினால் செய்யவிடுங்கள். வேலை சரியாக முடிய வேண்டியதில்லை. அவர் சுற்றிய தாரை அவர் காணாதவாறு மீண்டும் சுற்றிக்கொள்ளலாம். குழித்தறி உள்ள வீடுகளில் தறிக்குழியில் விழும் ஆபத்து பெரிது. பயன்படுத்தாத நேரங்களில் குழியைப் பலகையால் மூடுங்கள். கத்தரி, கோரை பிளக்கும் கத்தி, சாயப்பொருள், அடுப்பு ஆகியவை தனியே கைக்கெட்டலாகாது.

கதைகளைப் பேசுவது எப்படி

பழைய நினைவுகளைப் பேசவைப்பது ஒரு பராமரிப்பு முறையாகவே உலகெங்கும் பின்பற்றப்படுகிறது. 2018-இல் வெளியான காக்ரேன் மதிப்பாய்வு 22 ஆய்வுகளைத் தொகுத்து, வாழ்க்கைத்தரம், பேச்சுத் தொடர்பு, மனநிலை ஆகியவற்றில் இதனால் நன்மை கிட்டலாம் என்றும், அந்நன்மை சிறிதே, எல்லா இடத்திலும் ஒரே சீராக இல்லை என்றும் கூறியது. ஆகவே இதனால் நினைவு திரும்பிவிடும் என்று எதிர்பார்க்க வேண்டா. அந்த அரைமணி நேரம் அவர் மகிழ்ந்திருப்பதே போதுமான பயன்.

பத்து வயது முதல் முப்பது வயது வரையிலான நினைவுகளே பெரும்பாலும் வலுவாக இருக்கும். தெருவில் பாவு நீட்டிய காலைகள், முதலில் நெய்த சேலையின் கரை, திரௌபதி அம்மன் கோயிலில் பகலில் பாரதம் கேட்டு இரவில் கூத்துப் பார்த்தது, படுகளத்தன்று கூடிய கூட்டம் ஆகியவை இவ்வட்டாரத்து முதியோரிடம் எளிதாகப் பேச்சை எழுப்பும். பொருளொன்றைக் கையில் தருவது கேள்வி கேட்பதினும் பயன்தரும்: பழைய நாடா, ஜரிகைத்துண்டு, புதுக்கோரையின் மணம், திருமணப் படம்.

"நான் யார், சொல்லுங்கள் பார்ப்போம்" என்று தேர்வு வைக்காதீர்கள். "தாத்தா, நான் உங்கள் பேத்தி" என்று நீங்களே அறிமுகம் செய்துகொண்டு அருகில் அமருங்கள். அவர் ஆண்டையோ பெயரையோ மாற்றிச் சொன்னால் திருத்த வேண்டியதில்லை. இறந்துபோன தம் தாயைத் தேடினால், "அம்மா நினைவு வந்துவிட்டதா? அவர் என்ன சமைப்பார்?" என்று உணர்வைத் தொட்டுப் பேசுங்கள், மரணச் செய்தியை ஒவ்வொரு முறையும் சொன்னால், அவர் ஒவ்வொரு முறையும் அதைப் புதிதாகக் கேட்பார். கடன், குழந்தை இழப்பு, குடும்பப் பிளவு போன்ற நினைவுகள் எழுந்து அவர் கலங்கினால், பேச்சை வற்புறுத்தாமல் அவர் விரும்பும் பாட்டுக்கோ தேநீருக்கோ திரும்புங்கள்.

மருந்தும் உணவும்

உண்டதை மறந்து மீண்டும் உணவு கேட்பதும், விழுங்கிய மாத்திரையை மீண்டும் விழுங்குவதும் நிகழும். நீரிழிவு நோயாளிகளுக்கு இது உயிருக்கே ஆபத்தாகலாம். மாத்திரையும் இன்சுலினும் ஒருவர் பொறுப்பில், பூட்டிய இடத்தில் இருத்தல் வேண்டும். 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டப் பணியாளர் வீட்டுக்கு வரும்போது இதை அவரிடம் தெரிவியுங்கள்.

பராமரிப்பவரின் நிலை

இரவுபகலாக ஒரே மருமகள் பார்த்துக்கொள்ளும் வீடுகள் மிகுதி. வாரத்தில் சில மணி நேரமேனும் மற்றவர் பொறுப்பேற்க வேண்டும். கதை கேட்கும் வேளையைப் பேரப்பிள்ளைகளிடம் ஒப்படைப்பது அதற்கு எளிய தொடக்கம். உறக்கமின்மை, அடக்கவியலாத சினம், அழுகை ஆகியவை தொடர்ந்தால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணை அழையுங்கள். முதியோர் உதவிக்கு 14567, மருத்துவ ஆலோசனைக்கு 104.

உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டியவை

ஓரிரு நாள்களில் குழப்பம் திடீரென மிகுந்தால், அது பெரும்பாலும் டிமென்ஷியா முற்றியதால் அன்று. சிறுநீர்த் தொற்று, நீரிழப்பு, மலச்சிக்கல், புதிய மருந்து ஆகியவற்றால் இருக்கலாம். காய்ச்சல், விழுந்து தலையில் அடிபடுதல், உணவு விழுங்க இயலாமை ஆகியவற்றிலும் தாமதம் கூடாது. முகம் ஒருபுறம் கோணுதல், ஒரு கை அல்லது கால் தளர்தல், பேச்சுக் குழறுதல் தோன்றினால் 108-ஐ அழையுங்கள்; அறிகுறி தொடங்கிய நேரத்தைக் குறித்துவைத்து மருத்துவரிடம் கூறுங்கள்.