அகழி மாளிகைகளும் மீன்குளங்களும்

அகழி மாளிகை என்பது நாற்புறமும் நீர் சூழ்ந்த திடலில் எழுந்த நிலக்கிழார் வீடு. இங்கிலாந்தில் இத்தகைய இடங்கள் 5,000-க்கும் மேல் அறியப்பட்டுள்ளன. பெரும்பாலானவை ஏறத்தாழ 1250-க்கும் 1350-க்கும் இடையில் தோண்டப்பட்டவை. சஃபோக், எசெக்ஸ், வார்விக்‌ஷயர் பகுதிகளின் களிமண் நிலத்தில் இவை நெருக்கமாக உள்ளன. களிமண் நீரை எளிதில் கசியவிடாது.

அகழி என்றாலே கோட்டையும் முற்றுகையும் நினைவுக்கு வரும். ஆனால் இவற்றில் பெரும்பாலானவை ஒரு படையைத் தடுக்கும் அளவுக்கு அமைந்தவை அல்ல. திருடரைத் தடுத்தன, ஈர நிலத்தில் வீட்டைச் சுற்றி நீரை வடித்தன. எல்லாவற்றுக்கும் மேலாக, வீட்டுக்காரரின் அந்தஸ்தை ஊருக்குக் காட்டின. பெரும் பிரபுக்களைப் பார்த்துச் சிறு நிலக்கிழார்களும் அகழி வெட்டினர். வார்விக்‌ஷயரின் ஆர்டன் காட்டுப் பகுதியில் காடு திருத்திக் கழனியாக்கிய வசதியுள்ள குடியானவர்களும் அவ்வாறே செய்தனர். கென்ட்டில் 14-ஆம் நூற்றாண்டில் எழுந்த ஐதம் மோட் மாளிகையின் சுவர்களை இன்றும் அகழிநீர் தொட்டு நிற்கிறது.

அகழியிலும் மீன் வளர்ந்தது. ஆனாலும் செல்வர்கள் தனிக் குளங்களையே விரும்பினர். ஓடையின் குறுக்கே மண்கரை எழுப்பி, களிமண்ணைக் கெட்டித்து, மதகு வைத்தனர். மிகை நீர் பக்கவாய்க்காலில் போய்விடும். பெரிய குளத்தில் மீன் பெருகும். பிடித்தவற்றைச் சமையலுக்கு எடுக்கும்வரை சிறு தொட்டிக்குளங்களில் விட்டுவைத்தனர். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை நீரை வடித்துச் சேறு வாரினர்.

தவக்காலத்திலும் வெள்ளிக்கிழமைகளிலும் திருச்சபை இறைச்சியை விலக்கியதால் மீனுக்குத் தேவை இருந்தது. ஆனால் சாதாரண மக்களின் தட்டில் விழுந்தது உப்பிட்ட ஹெர்ரிங் என்ற கடல் மீன். குளத்தின் ப்ரீம், பைக் மீன்கள் விலை உயர்ந்தவை. விருந்துக்கும் பெரிய மனிதர்களுக்குமே அவை போயின. குளத்துக்கே உரியதென நாம் எண்ணும் கார்ப் கெண்டை, இடைக்காலத்தின் இறுதியில்தான் இங்கிலாந்துக்கு வந்தது. சாமர்செட்டின் மீர் என்ற ஊரில் கிளாஸ்டன்பரி மடம் 14-ஆம் நூற்றாண்டில் கட்டிய கல் மீன்வீடு இன்றும் நிற்கிறது.

1348-49 கொள்ளைநோய்க்குப் பின் கூலி உயர்ந்தது, புதிய அகழிகள் அருகின. 1536-40இல் மடங்கள் மூடப்பட்டு, அவற்றின் குளங்கள் கைமாறின, பல தூர்ந்தன. மிகப் பெரிய அழிவு 20-ஆம் நூற்றாண்டில் நேர்ந்தது: இரண்டாம் உலகப் போருக்குப் பின் விளைநிலத்துக்காக எத்தனையோ அகழிகள் நிரவப்பட்டன. இது வருந்தத்தக்க இழப்பு. காற்றுப் புகாத அகழிச் சேற்றில் மரமும் தோலும் விதையும்கூட மட்காமல் கிடைக்கின்றன. இடைக்காலத்தின் அன்றாட வாழ்வுக்கு அதைவிட நெருக்கமான சான்று அரிது.