பாம்பும் ஏணியும் பதினான்கு படிகளும்

புறநானூற்றின் 52ஆம் பாடலில் பாழடைந்த பொதியில் ஒன்று வருகின்றது. பாண்டியன் கூடகாரத்துத் துஞ்சிய மாறன் வழுதியின் பகையால் அழிந்த நாட்டை மருதன் இளநாகனார் அதில் காட்டுகின்றார். வழிபாடு நின்றுபோன அவ்விடத்தில், நரைத்த முதியவர் பல காலம் காய்களை இட்டு ஆடியதால் குழிந்துபோன ஆடுகளம் இருக்கின்றது. ஆடுவார் இல்லாத அக்குழிகளில் காட்டுக்கோழி முட்டையிடுகின்றது. விளையாட்டு நின்றதைக் கொண்டே ஓர் ஊரின் அழிவை உணர்த்திய புலவரின் பார்வை எண்ணி எண்ணி வியக்கத்தக்கது.

அம்முதியவர் ஆடிய ஆட்டத்தின் பெயர் 'வல்'. தொல்காப்பியர் எழுத்ததிகாரத்தில் இச்சொல்லுக்கெனத் தனியே புணர்ச்சி விதி வகுத்து, 'நாய்', 'பலகை' என்னும் சொற்கள் அதனோடு சேரும் முறையையும் கூறுகின்றார். இங்கு நாய் என்பது ஆட்டக்காய். வகுப்பில் இதைச் சொல்லும்போதெல்லாம் மாணவர் சிரிப்பர். பழங்கிரேக்கரும் தம் பலகை ஆட்டம் ஒன்றின் காய்களை நாய்கள் என்றே வழங்கினர் என்றதும் சிரிப்பு அடங்கி வியப்பு எழும். இலக்கணம் விதி வகுக்கும் அளவுக்கு அவ்வாட்டம் அன்றாட வழக்கில் இருந்திருக்கின்றது. வைகைக் கரையில் கீழடி அகழாய்வில் கிடைத்த பகடையும் ஆட்டக்காய்களும் சில்லுகளும் இதற்கு மண்ணுக்கடியிலிருந்து வந்த சான்றுகள்.

தேவிபட்டினத்துக்கும் தொண்டிக்கும் இடைப்பட்ட எங்கள் திருப்பாலைக்குடிக் கரையில் பகடைக்குச் செலவில்லை. சோழிகளைக் குலுக்கி வீசி, மல்லாந்து விழுந்தவற்றை எண்ணித் தாயம் ஆடுவோம். சோழி இல்லாதபோது புளியங்கொட்டையின் ஒரு பக்கத்தைத் திண்ணையில் தேய்த்து வெளுப்பாக்கினால் போதும். 'தாயம்' விழும் வரை காய் களத்தில் இறங்காது. விழுமா விழாதா என்று காத்திருக்கும் அந்த நேரமே தாயத்தின் சுவை. பதினான்கு குழிகளில் காய்களைப் பிரித்திடும் பல்லாங்குழியின் சுவை கணக்கில் உள்ளது. எந்தக் குழியில் எடுத்தால் எங்கே முடியும் என்பதை விரல் அறியுமுன் மனம் அறிந்திருக்க வேண்டும். எனினும் என் உள்ளம் கவர்ந்தது ஆடுபுலி ஆட்டமே. மூன்று புலிகள், பதினைந்து ஆடுகள், இருபத்து மூன்று புள்ளிகள். வலிமையெல்லாம் புலியின் பக்கம். ஆனால் ஆடுகள் ஒன்றையொன்று விட்டு விலகாமல் நின்றால் புலி அசைய இடமின்றி அடைபடும். பழங்கோயில் மண்டபங்களின் கல்தரையில் இக்கட்டம் கீறப்பட்டிருப்பதைப் பலரும் கண்டிருப்பர்.

இனி, இம்மலரைப் படிக்கும் அன்பர்களுக்கு நெருக்கமான செய்திக்கு வருவோம். சமணம் விலக்கச் சொல்லும் ஏழு தீயொழுக்கங்களுள் சூது இடம்பெறுகின்றது. திருக்குறளும் 94ஆம் அதிகாரத்தைச் சூதுக்கென ஒதுக்கியது. அத்தகைய நெறியினர் பகடையைக் கையால் தொடுவதே தகாது என்று கருதத் தோன்றும். ஆனால் குசராத்திலும் இராசத்தானத்திலும் வாழ்ந்த சமணர்கள் அப்பகடையைக் கொண்டே ஓர் அறநூலை ஆடினார்கள். 'ஞான சௌபட்' என்பது அதன் பெயர். துணியிலும் தாளிலும் வண்ணத்தில் தீட்டிய அப்பலகைகள் 18, 19ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தவையாகப் பல இன்றும் காப்பகங்களில் உள்ளன. பர்யூஷண நோன்பு நாட்களில் இதனை ஆடுவது வழக்கம். பந்தயம் இல்லை, பொருள் கைமாறுவதில்லை. சூதினின்று அதனைப் பிரித்தது இதுவே.

சமணப் பலகையில் பெரும்பாலும் 84 வீடுகள்; 84 நூறாயிரம் பிறவி வகைகளை அவ்வெண் நினைவூட்டும். அடியில் நரகங்கள், நடுவில் மானிட உலகு, மேலே தேவருலகங்கள், உச்சியில் வினை நீங்கிய சித்தர் உறையும் இடம். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பெயர் எழுதப்பட்டிருக்கும். நற்பண்பின் வீட்டில் ஏணி நிற்கும். தீவினையின் வீட்டில் பாம்பின் தலை இருக்கும். பார்சுவநாதருக்குக் குடை பிடித்த பாம்பு இப்பலகையில் மட்டும் ஏன் பகையானது என்று குழந்தைகள் கேட்டால் பெரியோர் விடை தேட வேண்டியதுதான்!

நம் நாட்டில் வைகுண்ட ஏகாதசி இரவில் வைணவர் ஆடும் பரமபத சோபான படம் இதன் உறவினம். அதில் உச்சியை நெருங்கியவரையும் விழுங்கும் நெடும்பாம்பைக் கண்டு அஞ்சாத சிறுவர் இல்லை. இத்தனை உயரம் ஏறியவன் ஏன் அடித்தளத்துக்கு விழ வேண்டும் என்று கேட்போர் உண்டு. சமண நூல்கள் கூறும் பதினான்கு குணத்தானங்களை அறிந்தவர் இக்கேள்வியைக் கேளார். உயிர் ஏறும் படிகள் அவை: முதற்படி பொய்க்காட்சி, நான்காவது நற்காட்சி, ஐந்தாவது இல்லறத்தார் நோன்பு, ஆறாவது துறவு. பதினோராம் படிக்கு 'உபசாந்த மோகம்' என்று பெயர். மோகத்தை அழிக்காமல் அடக்கி மட்டும் வைத்து ஏறியவர் அடையும் இடம் அது. அங்கே ஒரு முகூர்த்தத்துக்குள்ளாகவே அடங்கியிருந்த மோகம் கிளர்ந்தெழும். கீழே இறங்கியே தீர வேண்டும். முதற்படி வரை விழுதலும் உண்டு. மோகத்தை வேரோடு அழிப்பவரோ பத்தாம் படியிலிருந்து பதினோராம் படியை மிதியாமலே பன்னிரண்டாம் படிக்குச் செல்வர். அவருக்கு வீழ்ச்சி இல்லை. உச்சியருகே பாம்பு கிடப்பதன் நுட்பத்தை இதைவிடத் தெளிவாக எந்நூலும் எனக்கு உணர்த்தியதில்லை.

ஒரு தடை எழக்கூடும். முயற்சியால் வினையறுக்கச் சொல்லும் சமயத்துக்கு, திறமைக்கே இடமில்லாத பகடை ஆட்டம் பொருந்துமா? முன்பு ஈட்டிய வினையின் பயன் இப்போது நம் விருப்பத்தைக் கேட்டு வருவதில்லை. பகடை அப்பயனின் உருவம் என்று கொள்கின்றேன். ஆடுபவர் செய்யக்கூடியது, தாம் நிற்கும் வீட்டின் பெயரை வாய்விட்டுப் படிப்பது. சினத்தின் வீட்டில் நின்று 'சினம்' என்று படித்தபின் சறுக்கும் சிறுவன் ஒரு சொல்லைக் கற்றுக்கொண்டே சறுக்குகின்றான். ஆட்டம் என்ற அளவில் ஆடுபுலிக்கு இது நிகரன்று. வாசிப்பு என்ற அளவில் எந்த ஆட்டமும் இதற்கு நிகரன்று.

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இவ்வாட்டம் இங்கிலாந்தில் குழந்தைகளுக்கென அச்சாயிற்று. தொடக்கத்தில் அங்கும் நற்செயல், தீச்செயல் படங்கள் இருந்தன. பின்னர் அவையும் மறைந்து நூறு எண்கள் மட்டும் எஞ்சின. அவ்வடிவமே திரும்பி வந்து இன்று நம் கடைகளில் விற்கின்றது. பெயர் இழந்த வீடுகளில் ஏறுவதற்கும் காரணமில்லை, விழுவதற்கும் காரணமில்லை.

அடுத்த ஆண்டு மலரின் நடுப்பக்கங்களில் 84 வீடுகள் கொண்ட பலகை ஒன்றைத் தமிழில் அச்சிடலாம் என்பது அறக்கட்டளைப் பெரியோருக்கு என் வேண்டுகோள். வீட்டுப் பெயர்களுக்கான சொற்களை வேற்றுமொழியில் தேட வேண்டியதில்லை. வாமன முனிவரின் மேருமந்தர புராணம் முதலாகத் தமிழ்ச் சமண நூல்களிலேயே அவை விளைந்து கிடக்கின்றன. அவற்றைத் தொகுக்கும் பணியை ஏற்க அடியேன் அணியமாக உள்ளேன். சோழிகளுக்கும் கவலை வேண்டா. எங்கள் கரையிலிருந்து அனுப்பி வைக்கின்றேன்.