கொங்கு நாட்டுக்கோழியின் நிறங்கள்

கொங்கு நாட்டுக்கோழி என்பது கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர், நாமக்கல் பகுதிகளில் தோட்டத்துச் சாளைகளில் வளரும் கோழிகளுக்குப் பொதுப்பெயர். உடலளவை வைத்துப் பெருவிடை, சிறுவிடை என்பார்கள். பெருவிடை, சண்டைக்குப் பேர்போன அசில் வழியைச் சேர்ந்தது: உயர்ந்த கால், நிமிர்ந்த கழுத்து, குறைந்த முட்டை. சிறுவிடை வீட்டுக்கோழி, அடையில் பொறுமையாக உட்கார்ந்து குஞ்சைக் கட்டிக் காக்கும். இந்த இரண்டுக்குள்ளும் எத்தனையோ நிறங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர்.

இவற்றில் காலின் மஞ்சளுக்கு வேர் காட்டில் இருக்கிறது. கோவையை அடுத்த தொண்டாமுத்தூரிலிருந்து மேற்கே போனால் பாக்குத் தோப்பும் வாழையும் முடிந்து காடு தொடங்கிவிடும். வெள்ளியங்கிரி, போளுவாம்பட்டிப் பக்கம் விடியலில் விட்டுவிட்டுக் கேட்கும் கரகரத்த கூவல் சாம்பல் காட்டுக்கோழியுடையது. சேவலின் கழுத்திறகில் மெழுகைத் தொட்டு வைத்ததுபோல வெள்ளையும் மஞ்சளுமாய்ப் புள்ளிகள். தூண்டில் பூச்சி கட்ட இந்த இறகை வெள்ளைக்காரர்கள் விரும்பி வாங்கிய காலம் உண்டு. புதுச்சேரிக்கு வந்துபோன பிரெஞ்சுக்காரர் சொன்னராவின் பெயரை 1813இல் இதன் அறிவியல் பெயரில் வைத்தார் பறவையியலாளர் டெமிங்க். வீட்டுக்கோழியின் மூதாதை சிவப்புக் காட்டுக்கோழி மட்டுமே என்றுதான் வெகுகாலம் எழுதி வந்தார்கள். 2008இல் சுவீடனின் உப்சாலா பல்கலைக்கழகத்தார் அதில் ஒரு திருத்தம் போட்டார்கள்: மஞ்சள் காலுக்கான மரபணு சாம்பல் காட்டுக்கோழியிடமிருந்து வந்தது. தீனியிலுள்ள மஞ்சள் நிறமியை உடைக்கும் நொதி மஞ்சள்கால் கோழியின் தோலில் சரியாக வேலை செய்யாது. நிறமி அப்படியே காலில் தங்கிவிடும். உலகத்து மஞ்சள்கால் கோழிகளுக்கெல்லாம் அது தென்னிந்தியக் காடு கொடுத்த சீதனம்.

சண்டைச் சேவலுக்குத் தமிழகத்தில் நடுகல்லே உண்டு. விழுப்புரம் பக்கத்து அரசலாபுரத்தில் சேவல் உருவம் பொறித்த, ஏறத்தாழ 5ஆம் நூற்றாண்டுக் கல் இன்றும் இருக்கிறது. நிறப்பெயர்களையும் பண்ணை வைத்தவர்கள் சூட்டவில்லை, சேவற்கட்டு நடத்திய கட்டுக்காரர்களே சூட்டினார்கள். வல்லூறு, ஆந்தை, காகம், கோழி, மயில் என்று பஞ்சபட்சி சாத்திரம் சொல்லும் ஐந்து பறவைகளைச் சேவலின் நிறத்தோடு பொருத்தி, இந்தப் பொழுதில் எந்தப் பட்சிக்கு அரசு, எதற்குச் சாவு என்று கணக்குப் போட்டுக் களத்தில் இறக்கினார்கள். முழுக் கறுப்பு என்றால் காகம். கீரிப்பிள்ளையின் மயிர்போலக் கலங்கலாக இருந்தால் கீரி. கொண்டைக்குப் பெயர் ‘பூ’; அதிலும் கத்திப்பூ, மத்திப்பூ என்று வகை பிரிப்பார்கள். சேவலின் ஜெயம் நிறத்தில் இருக்கிறது என்பது சூதாட்டக் கணக்கு, அதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை. ஆனால் அந்தக் கணக்கு இல்லையென்றால் இவ்வளவு நுட்பமான நிறச் சொற்கள் நமக்குக் கிடைத்திருக்காது. சேவல்களை மோதவிடுவதை 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் குற்றமாக்கியது. பெயர்கள் மட்டும் தங்கிவிட்டன.

நிறத்துக்குப் பெயர் வைக்கும் இதே வேலையை அமெரிக்கர்கள் வேறுவிதமாகச் செய்தார்கள். தென் அமெரிக்காவின் நீலமுட்டைக் கோழியிலிருந்து அவர்கள் 1970களில் பிரித்தெடுத்த இனம் அமெரகானா. 1984இல் அதற்கு அங்கே அதிகாரபூர்வ அங்கீகாரம் கிடைத்தது. அப்போது எட்டு நிறங்களை வரையறுத்து வைத்தார்கள். ஏற்கப்பட்ட நிறங்களுக்கு வெளியே எது பிறந்தாலும், முட்டை எவ்வளவு நீலமாக இருந்தாலும், அது அமெரகானா ஆகாது. நம் ஊரில் நிறம் வெறும் அடையாளப் பெயர். அங்கே அது இனத்தின் எல்லைக்கல்.

அவர்கள் படித்த பாடம் நம் சாளைக்கும் பொருந்தும். கறுப்புக் கோழியில் ‘நீல’ மரபணு ஒன்று சேர்ந்தால் இறகு சாம்பல்நீலமாகும். இரண்டு சேர்ந்தால் வெளிறிய உடலில் மை தெளித்ததுபோல் ஆகும். நீலத்தை நீலத்தோடே சேர்த்தால் இருபது குஞ்சில் ஐந்து கறுப்பு, பத்து நீலம், ஐந்து தெளிப்பு என்ற கணக்கில் விழும். முழுக்க நீலமாகவே வேண்டுமென்றால் கறுப்பையும் தெளிப்பையும் இணைக்க வேண்டும். வெள்ளையிலும் இரண்டு வகை. லெகார்ன் கோழியின் வெள்ளை கறுப்பை மூடி மறைக்கும். இன்னொரு வெள்ளை, தாய் தகப்பன் இரண்டு பக்கமும் ஒளிந்திருந்து திடீரென்று தலைகாட்டும். காகத்துக்குக் காகமே பிறக்கும் என்று நம்பியிருந்தவர் வெள்ளைக் குஞ்சைப் பார்த்துப் பெட்டையைச் சந்தேகப்பட வேண்டியதில்லை.

முட்டையோட்டில் வரும் நீலம் தனிக் கதை. பழைய வைரஸ் ஒன்று மரபணுவில் புகுந்து நின்றதால் வந்தது அது என்று 2013இல் கண்டார்கள். ஓட்டின் உட்புறமும் நீலமாகவே இருக்கும். நம் நாட்டுக்கோழி முட்டையின் பழுப்பு, ஓட்டின்மேல் கடைசியாகப் பூசிய பூச்சு.

அசிலின் வரலாறு கடல் கடந்தும் போனது. 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதிக்குப் போன அசில் சேவல்கள், அங்கத்திய கோழிகளோடு கலந்து கார்னிஷ் இனமாயின. இன்றைய பிராய்லரின் தகப்பன்வழி அந்தக் கார்னிஷ்தான். 1984இல் உடுமலைப்பேட்டையில் தொடங்கிய சுகுணா நிறுவனம் அந்தப் பிராய்லரை வளர்க்கும் ஒப்பந்தப் பண்ணை முறையைக் கொங்கு முழுக்கப் பரப்பியது. பல்லடம் கொட்டகைகளில் வளரும் வெள்ளைப் பிராய்லரின் நெஞ்சுச் சதையில் இந்தியச் சண்டைச் சேவலின் பங்கு இருக்கிறது. நிறம் மட்டும் போய்விட்டது. இறகு பிடுங்கிய உடலில் கரும்புள்ளி தெரியக்கூடாது என்பதற்காக வெள்ளையாகவே தேர்ந்தெடுத்து வளர்த்தார்கள்.

நாட்டுக்கோழிக்கு மறுபடி கிராக்கி வந்தபோது மோசடியும் கூடவே வந்தது. 2012இல் பெருந்துறையில் ஈமு வளர்ப்புத் திட்டங்களோடு சேர்ந்து நாட்டுக்கோழி முதலீட்டுத் திட்டங்களும் கவிழ்ந்தன. பணம் போட்டவர்கள் கொட்டகையும் கடனுமாக நின்றார்கள். மத்தியப் பிரதேசத்துக் கடக்நாத், கருங்கோழி என்ற பெயரில் கொங்குப் பண்ணைகளில் இன்றும் விலைபோகிறது; அதன் கறுப்பு இறகோடு நிற்பதில்லை, தோலிலும் சதையிலும் எலும்பின் மேலுறையிலும் ஓடுகிறது.

ஒரு நிறத்தைக் காப்பாற்ற நினைப்பவர் சேவலை மாற்றியதும் முட்டை சேர்க்கத் தொடங்கக்கூடாது. பழைய சேவலின் விந்து பெட்டையின் உடலில் இரண்டு வாரத்துக்கு மேலும் உயிரோடிருக்கும். மூன்று வாரம் கழித்து எடுத்த முட்டையை அடைவையுங்கள். 21ஆம் நாள் பொரிவது புதுச் சேவலின் குஞ்சாக இருக்கும்.