சுராங்கனி தெரியும்... பாடியவர் யார்?

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏற இரண்டு மலைப்பாதைகள் உண்டு. ஒன்று எல்லோருக்கும் தெரிந்த கொண்டை ஊசி வளைவுப் பாதை. இன்னொன்று குப்பனூர் வழியாகச் சுற்றிக்கொண்டு ஏறுவது. முதல் பாதையின் அடிவாரத்தில்தான் டி.ஆர்.சுந்தரத்தின் மாடர்ன் தியேட்டர்ஸ் இருந்தது. 1930களில் தொடங்கி நூற்றுக்கும் மேற்பட்ட படங்களை எடுத்துத் தள்ளிய ஸ்டூடியோ. இப்போது முகப்பு வளைவு மட்டும் நிற்கிறது. ஆனால் அங்கே எடுத்த படங்களின் பாட்டுக்கள் போய்விடவில்லை. எந்தப் படம், யார் இசை, யார் குரல் என்று இன்றும் தேடிக் கண்டுபிடித்துவிடலாம்.

சினிமாப் பாட்டுக்கு அந்த வசதி உண்டு. டைட்டில் கார்டு, போஸ்டர், பாட்டுப் புத்தகம் என்று பெயரைக் காப்பாற்றப் பல வழிகள். சினிமாவே இல்லாமல் வந்த பாட்டுக்களின் கதி?

'சுராங்கனி'யை எடுத்துக்கொள்ளுங்கள். காலேஜ் டூர் பஸ்ஸில் அந்தப் பாட்டுக்குக் கை தட்டாதவர்கள் குறைவு. முதலில் அதைப் பிரபலமாக்கியவர் யார் என்று கேட்டால் பலரும் முழிப்பார்கள். அந்தக் கதை தெரிய வேண்டுமானால் கொழும்புக்குப் போக வேண்டும்.

யுத்தம் விட்டுச் சென்ற சொத்து

இரண்டாம் உலகப் போரின்போது நேச நாட்டுப் படைகள் தங்கள் வீரர்களுக்காக இலங்கையில் ஒரு வானொலி நடத்தின. அதற்காக ஏகலையில் 100 கிலோவாட் சிற்றலை டிரான்ஸ்மிட்டர் நிறுவப்பட்டது. போர் முடிந்ததும் அது இலங்கை அரசின் கைக்கு வந்தது. 1950-ல் வர்த்தக ஒலிபரப்பு தொடங்கியது. விளம்பரம் வாங்கலாம், பாட்டு போடலாம்!

அடுத்த உதவி டெல்லியிலிருந்து வந்தது, அதுவும் தெரியாமலே. 1952-ல் தகவல் ஒலிபரப்பு அமைச்சரான பி.வி.கேஸ்கருக்கு சினிமாப் பாட்டு பிடிக்காது. அகில இந்திய வானொலியில் அது ஏறக்குறைய ஓய்ந்தது. நேயர்கள் சும்மா இருப்பார்களா? முள்ளைக் கொழும்புப் பக்கம் திருப்பினார்கள். அதே ஆண்டு டிசம்பரில் அமீன் சயானியின் 'பினாகா கீத் மாலா' இந்தியில் தொடங்கியது. பணம் கொடுத்தது ஒரு டூத்பேஸ்ட்! இந்தியா 1957-ல் விவித் பாரதியைத் தொடங்கியது. அதில் விளம்பரம் வந்தது 1967-ல்தான். அதுவரை இந்தியக் கம்பெனிகளின் விளம்பரப் பணம் கடல் தாண்டிப் போனது. வணிகவியல் பாடத்தில் சேர்க்க வேண்டிய கதை இது. தேவையைத் தடை செய்தால் தேவை ஒழியாது, கடை மாறும்.

தமிழ் ஒலிபரப்பும் அப்படித்தான் வளர்ந்தது. சிற்றலை வானத்தில் பட்டுத் திரும்பி இறங்குவதால் மலை அதற்குப் பெரிய தடையில்லை. சேர்வராயன் மலையடிவாரத்து ஊரானாலும் சரி, காவிரிக் கரை ஊரானாலும் சரி, நல்ல செட் இருந்தால் கொழும்பு கேட்கும். மயில்வாகனம், கே.எஸ்.ராஜா, ராஜேஸ்வரி சண்முகம், பி.எச்.அப்துல் ஹமீத் என்ற பெயர்கள் தமிழ்நாட்டு வீடுகளில் சொந்தக்காரர் பெயர் போல ஆயின. 'பொங்கும் பூம்புனல்' கேட்டு விடிந்த வீடுகள் எத்தனையோ. தபால் கார்டில் விருப்பப் பாடலை எழுதிப் போட்டுவிட்டு, தன் பெயரும் ஊர்ப் பெயரும் வருமா என்று காத்திருப்பது ஒரு தனி சுகம். ஒருவர் கேட்ட பாட்டை ஊரே கேட்கும். பிடித்த பாட்டை நாலு பேரோடு பகிர்ந்துகொள்ள அன்றைக்கு இருந்த வழி இதுதான்.

பாப் அல்ல, பொப்

இதே காலத்தில் இலங்கையில் ஒரு புது இசை முளைத்தது. போர்த்துக்கீசியர் காலத்துத் தாளங்களிலிருந்து வந்த பைலா அங்கே ஏற்கெனவே இருந்தது. 1960களில் கிளாரன்ஸ் விஜேவர்தனவின் மூன்ஸ்டோன்ஸ் குழு கிதாரோடு சிங்கள பொப் இசையைக் கொண்டுவந்தது. தமிழில் அதைச் செய்தவர்களில் முன்னோடி நித்தி கனகரத்தினம். யாழ்ப்பாணத்து உரும்பிராய்க்காரர். 'சின்ன மாமியே' அவர் மாணவராக இருந்தபோது பிறந்த பாட்டு. யாழ்ப்பாணப் பேச்சு, ஊர்க் கிண்டல், கிதார்... இவ்வளவுதான் முதலீடு. தமிழ்நாட்டில் பாப் என்பதை அங்கே பொப் என்றார்கள். துள்ளிசை என்ற அழகான தமிழ்ப் பெயரும் உண்டு.

1970-ல் வந்த சிறிமாவோ பண்டாரநாயக்க அரசு இறக்குமதியைக் கடுமையாகக் கட்டுப்படுத்தியதும் உள்ளூர்க் கலைஞர்களுக்கு இடம் கிடைக்க ஒரு காரணம். அந்த இடத்தில் உச்சத்துக்குப் போனவர் ஏ.ஈ.மனோகரன். 'பொப் இசைச் சக்கரவர்த்தி' என்றே ரசிகர்கள் அழைத்தார்கள். சிங்களமும் தமிழும் கலந்த 'சுராங்கனி' அவர் குரலில்தான் கடல் தாண்டிப் பரவியது. 1978-ல் செங்கை ஆழியானின் நாவலைப் படமாக்கிய 'வாடைக்காற்று'விலும், சிவாஜி நடித்த 'பைலட் பிரேம்நாத்'திலும் நடித்தார். பிறகு சென்னைக்கு வந்து தமிழ்ப் படங்களில் சின்னச் சின்ன வேடங்கள் செய்தார்.

பெயர் எங்கே போனது?

1977-ல் 'அவர் எனக்கே சொந்தம்' படத்தில் இளையராஜா இசையில், மலேசியா வாசுதேவன் குரலில் 'சுராங்கனி' வந்தது. தமிழ்நாட்டில் பலருக்கு அது சினிமாப் பாட்டாகிவிட்டது. இதில் யாரையும் குறை சொல்வதற்கில்லை. சினிமாவின் கை நீளம், கிதார் பிடித்த மாணவனின் கை குட்டை.

இன்னொரு காரணம் கசப்பானது. 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பின் இலங்கைத் தமிழர்கள் நாடு நாடாகச் சிதறினார்கள். சேர்ந்து பாடிய குழுக்களும், கேட்ட ரசிகர்களும் கலைந்தார்கள். நித்தி கனகரத்தினம் ஆஸ்திரேலியாவில் குடியேறினார். அந்தப் பாட்டுக்களை வீடு வீடாகக் கொண்டுபோன குரல்களில் ஒன்றான கே.எஸ்.ராஜா கொழும்பில் கொல்லப்பட்டார். மனோகரன் 2018 ஜனவரியில் சென்னையில் காலமானார். அவர் கடைசியாக வாழ்ந்த நகரத்திலேயே, அவர் பாட்டுக்கு ஆடியவர்களில் எத்தனை பேருக்கு அது அவர் பாட்டு என்று தெரிந்திருக்கும்?

படக்கம்பெனி இல்லாத பாட்டுக்குக் காவல் ரசிகர்கள்தான். அன்று ஒரு தபால் கார்டு போட்டார்கள், பாட்டு வாழ்ந்தது. அந்தக் கார்டு எழுதிய தலைமுறை இன்னும் நம் வீடுகளில் இருக்கிறது. சிலோன் ரேடியோ என்று மட்டும் சொல்லிப் பாருங்கள், அரை மணி நேரம் நிறுத்தாமல் பேசுவார்கள். பாட்டோடு பாடியவர் பெயரையும் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.