பூட்டு பத்திரம், சாவி எங்கே?



மலர்க் குழுவினர் என்னிடம் கட்டுரை கேட்டபோது ஒரே ஒரு நிபந்தனை போட்டார்கள். "கம்ப்யூட்டர் பற்றி எழுது, ஆனா சிவில் படிச்சவனுக்கும் புரியணும்!" நியாயமான நிபந்தனைதான். ஆகவே எல்லோர் வீட்டிலும் இருக்கும் ஒரு பொருளை வைத்தே எழுதுகிறேன். அதுதான் சாவி. தொலைதூரத்தில் உள்ள கம்ப்யூட்டருக்குள் நுழைய இன்று உலகமெங்கும் பயன்படும் ரகசியச் சாவி எப்படிப் பிறந்தது, அதைப் பத்திரமாக வைக்கத் தவறியதால் பெரிய பெரிய இடங்களே எப்படி ஆட்டம் கண்டன என்பதுதான் இந்தச் சிறு வரலாறு. படித்து முடித்தபின் நம்மில் பலர் செய்ய வேண்டிய காரியம் ஒன்றும் இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

தபால் அட்டைக் காலம்

இருந்த இடத்தில் இருந்தபடியே வேறு ஊரில் உள்ள கம்ப்யூட்டரை இயக்கலாம் என்பது புதிய யோசனை அல்ல. 1969-ல் அமெரிக்காவில் அர்ப்பாநெட் வலை தொடங்கிய கையோடு 'டெல்நெட்' என்ற முறையும் பிறந்துவிட்டது. 1983-ல் பெர்க்லி பல்கலைக்கழகத்தின் யூனிக்ஸ் பதிப்போடு 'ஆர்-லாகின்' வந்தது. இரண்டுமே வேலையைக் கச்சிதமாகச் செய்தன. ஆனால் ஒரு குறை. நீங்கள் தட்டும் பாஸ்வேர்ட் எந்த மறைப்பும் இல்லாமல் அப்படியே கம்பி வழியாகப் போகும். மூடிய கவரில் போக வேண்டிய விஷயத்தைத் தபால் அட்டையில் எழுதிப் போட்ட மாதிரி! அந்தக் காலத்து லேப்களில் ஒரே கேபிளில் பத்து இருபது கம்ப்யூட்டர்களை இணைத்திருப்பார்கள். அவற்றில் ஏதாவது ஒன்றில் உட்கார்ந்து ஒட்டுக்கேட்டால் மற்றவர்களின் பாஸ்வேர்ட் எல்லாம் கைக்கு வந்துவிடும்.

ஆர்-லாகினில் இன்னொரு வசதியும் உண்டு. "இன்ன கம்ப்யூட்டரிலிருந்து இன்னார் வந்தால் கேள்வி கேட்காமல் உள்ளே விடு" என்று ஒரு சின்ன ஃபைலில் எழுதி வைக்கலாம். "அண்ணாச்சி அனுப்பினார்" என்று சொன்னால் கடையில் கடன் கிடைப்பது போலத்தான். 1988 நவம்பர் 2-ஆம் தேதி, கார்னெல் பல்கலைக்கழக மாணவர் ராபர்ட் மோரிஸ் வலையில் விட்ட 'புழு' புரோகிராம் பரவப் பயன்படுத்திய வழிகளில் இந்த நம்பிக்கையும் ஒன்று. அன்று இணையத்தில் இருந்த சுமார் 60,000 கம்ப்யூட்டர்களில் ஏறத்தாழ 6,000 பாதிக்கப்பட்டதாகக் கணக்கிட்டார்கள்.

அதோடு முடியவில்லை. 1994 பிப்ரவரியில் அமெரிக்காவின் செர்ட் அமைப்பு ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. ஒட்டுக்கேட்கும் புரோகிராம்கள் மூலம் பல்லாயிரக்கணக்கான கம்ப்யூட்டர்களின் நுழைவு விவரங்கள் திருடு போய்விட்டன என்பது அதன் சாரம். தபால் அட்டைக் காலம் முடிந்தே தீர வேண்டிய கட்டம் வந்துவிட்டது.

கணித மேதைகள் செய்த பூட்டு

இதற்கான மருந்து இருபது ஆண்டுகளுக்கு முன்பே தயாராக இருந்ததுதான் வேடிக்கை. 1976-ல் ஸ்டான்ஃபோர்டைச் சேர்ந்த விட்ஃபீல்ட் டிஃபி, மார்ட்டின் ஹெல்மன் இருவரும் ஒரு புரட்சிகரமான கருத்தை வெளியிட்டார்கள். அதுவரை பூட்டவும் திறக்கவும் ஒரே சாவி என்பதே வழக்கம். பூட்டுவதற்கு ஒன்று, திறப்பதற்கு இன்னொன்று என ஏன் இருக்கக் கூடாது என்று இவர்கள் கேட்டார்கள். மறு ஆண்டே எம்.ஐ.டி.யில் ரிவெஸ்ட், ஷமீர், ஏடில்மன் மூவரும் அதைச் செய்து காட்டினார்கள். மூவரின் பெயர் முதலெழுத்தே 'ஆர்.எஸ்.ஏ.' ஆயிற்று. இரண்டு பெரிய பகா எண்களைப் பெருக்குவது சுலபம்; பெருக்குத் தொகையை மட்டும் கொடுத்து அந்த இரண்டு எண்களைக் கண்டுபிடி என்றால் மலைப்பு. இந்தக் கஷ்டம்தான் பூட்டின் பலம்.

இதில் ஒரு சோகமும் உண்டு. பிரிட்டிஷ் அரசின் ரகசியத் தகவல் துறையில் இருந்த ஜேம்ஸ் எல்லிஸ் இதே யோசனையை 1970-லேயே எழுதி வைத்திருந்தார். 1973-ல் அவருடைய சக ஊழியர் கிளிஃபோர்ட் காக்ஸ் அதற்குக் கணித வழியும் கண்டார். ஆனால் எல்லாம் அரசாங்க ரகசியம்! 1997 டிசம்பரில்தான் உலகுக்குச் சொன்னார்கள். எல்லிஸ் அதற்கு முந்தைய மாதமே காலமாகிவிட்டார்.

ஹெல்சிங்கியில் ஒரு கோபம்

மருந்தை எடுத்துச் சரியான இடத்தில் போட்டவர் தாத்து உலோனென். பின்லாந்தின் ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர். 1995-ல் அந்தப் பல்கலைக்கழக வலையிலேயே பாஸ்வேர்டுகளை ஒட்டுக்கேட்கும் புரோகிராம் பிடிபட்டது. மற்றவர்கள் பாஸ்வேர்டை மாற்றிவிட்டு வேலையைப் பார்க்கப் போயிருப்பார்கள். இவர் உட்கார்ந்து 'ஸெக்யூர் ஷெல்' என்ற புரோகிராமை எழுதினார். அதைத்தான் எஸ்.எஸ்.ஹெச். என்கிறோம். அதே ஆண்டு ஜூலையில் இலவசமாகவே வெளியிட்டார். ஒவ்வொரு இணையச் சேவைக்கும் ஒரு கதவு எண் உண்டு. ஃபைல் மாற்றத்துக்கு 21, டெல்நெட்டுக்கு 23. நடுவில் 22 காலியாக இருந்தது. அதைக் கேட்டு ஜூலை 10-ல் கடிதம் அனுப்பினார், மறுநாளே ஒதுக்கிவிட்டார்கள். இன்றும் அதே கதவுதான்.

நமக்கு ஒரு ஒப்புமை சொல்ல வேண்டுமானால், விதேஷ் சஞ்சார் நிகம் நம் நாட்டில் பொதுமக்களுக்கு இணைய வசதியைத் திறந்துவிட்டது 1995 ஆகஸ்ட் 15-ல். அதாவது நாம் வாசலில் கால் வைப்பதற்கு ஒரு மாதம் முன்புதான் வாசலுக்குப் பூட்டே வந்தது!

இனி அது வேலை செய்யும் விதம். உங்களிடம் ஒரு ஜோடி இருக்கும்: பொதுச் சாவி, ரகசியச் சாவி. பொதுச் சாவியைத் 'திறந்த பூட்டு' என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம். தொலைதூரக் கம்ப்யூட்டரிடம் முன்கூட்டியே கொடுத்து வைத்திருப்பீர்கள். நீங்கள் உள்ளே போகக் கேட்டதும், அது தன் மனதில் ஓர் எண்ணை நினைத்து, பெட்டியில் போட்டு, உங்கள் பூட்டால் பூட்டி அனுப்பும். "திறந்து பார்த்ததை நிரூபி" என்கும். ரகசியச் சாவி உள்ளவரால்தான் முடியும். முதல் பதிப்பு இப்படித்தான் இயங்கியது. 2006-ல் முறைப்படி ஏற்கப்பட்ட இரண்டாம் பதிப்பில் பெட்டிக்குப் பதில் கையெழுத்து. தத்துவம் ஒன்றேதான்: ரகசியச் சாவி உங்கள் இடத்தை விட்டு நகர்வதே இல்லை. கம்பியில் போகாத பொருளைக் கம்பியில் எப்படித் திருடுவது?

உலோனென் 1995 கடைசியில் கம்பெனி தொடங்க, பிந்தைய பதிப்புகளுக்கு நிபந்தனைகள் கூடின. அப்போது ஓப்பன்-பி.எஸ்.டி. குழுவினர் பழைய இலவசப் பதிப்பு ஒன்றை அடிப்படையாக எடுத்துச் செப்பனிட்டு, 1999 டிசம்பரில் 'ஓப்பன்-எஸ்.எஸ்.ஹெச்.' என்று வெளியிட்டார்கள். இன்று உலகின் பெரும்பாலான சர்வர்களில் இருப்பது அதுதான்.

சாவி தொலைந்த கதைகள்

கதை இங்கே சுபமாக முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. திருடன் கம்பியை விட்டுவிட்டுச் சாவி இருக்கும் வீட்டைத் தேடத் தொடங்கினான்.

2009 ஆகஸ்டில், உலகப் புகழ் பெற்ற அப்பாச்சி அமைப்பின் கம்ப்யூட்டர்களுக்குள் அந்நியர் நுழைந்தனர். தானாக இயங்கும் பேக்கப் வேலைக்காக வைத்திருந்த சாவிதான் வழி. 2012 நவம்பரில் ஃப்ரீ-பி.எஸ்.டி. குழுவின் இரண்டு கம்ப்யூட்டர்களில் அத்துமீறல் தெரியவந்தது. முறையாக அனுமதி பெற்ற ஒரு புரோகிராமரின் சாவி கசிந்ததே காரணம் என்று அவர்களே அறிவித்தார்கள். 2023 மார்ச்சில் கிட்ஹப் நிறுவனத்தின் சொந்த ரகசியச் சாவி ஒன்றே, எல்லோரும் பார்க்கக்கூடிய இடத்தில் சிறிது நேரம் கிடந்தது. அதை அவசரமாக மாற்ற வேண்டியதாயிற்று.

எல்லாவற்றிலும் விசித்திரம் டெபியன் லினக்ஸ் கதை. 2006-ல் சாவி தயாரிக்கும் புரோகிராமில் 'தேவையில்லாதது' போலத் தெரிந்த வரியை நல்லெண்ணத்தோடு நீக்கினார்கள். விளைவு? கணக்கிலடங்காத விதங்களில் வர வேண்டிய சாவிகள், ஒவ்வொரு வகையிலும் வெறும் 32,768 விதங்களில் மட்டுமே வந்தன. பூட்டுக் கம்பெனிக்காரன் ஒரே கொத்துச் சாவியை ஊர் முழுக்க விற்ற மாதிரி! 2008 மே மாதம் வரை யாருக்கும் தெரியவில்லை. ஏறக்குறைய இருபது மாதம்.

இந்த நான்கிலும் கணிதம் தோற்கவில்லை என்பதைக் கவனியுங்கள். ஆர்.எஸ்.ஏ. பூட்டை யாரும் உடைக்கவில்லை. சாவியைச் செய்த விதத்திலோ, வைத்த இடத்திலோதான் கோளாறு.

நல்ல பழக்கங்கள்

ஆகவே அனுபவம் நமக்குக் கற்றுத் தருவது என்ன? சாவியை உங்கள் கம்ப்யூட்டரிலேயே உருவாக்குங்கள். வெளியே அனுப்புவது பொதுச் சாவி மட்டுமே. ரகசியச் சாவியை ஈமெயிலிலும் வாட்ஸ்அப்பிலும் அனுப்புவது, புரோகிராமுக்குள் எழுதி வைப்பது எல்லாம் கூடவே கூடாது. சாவிக்கு ஒரு ரகசியச் சொற்றொடர் போடுங்கள். லேப்டாப் திருடு போனாலும் கிடைத்தவனால் உடனே பயன்படுத்த முடியாது. ஒவ்வொரு முறையும் அதைத் தட்டச் சலிப்பாக இருந்தால் 'ஏஜென்ட்' என்ற உதவியாளர் இருக்கிறார். ஒரு முறை சொன்னால் நினைவில் வைத்துக்கொள்வார். வீட்டுக் கம்ப்யூட்டருக்கு ஒரு சாவி, ஆபீஸுக்கு ஒரு சாவி என்று தனித்தனியாக வையுங்கள். ஒன்று தொலைந்தால் அதை மட்டும் ரத்து செய்யலாம். சாவி ஃபைலை உங்களைத் தவிர வேறு யாரும் படிக்கக் கூடாது. மற்றவர்கள் படிக்கும்படி இருந்தால் எஸ்.எஸ்.ஹெச். அந்தச் சாவியைத் தொடவே மறுத்துவிடும். 2020 முதல் விரல் அளவுள்ள யு.எஸ்.பி. கருவியைத் தொட்டால்தான் திறக்கும் சாவிகளும் வந்துவிட்டன. வசதி உள்ளவர்கள் அதற்கு மாறலாம்.

நாம் செய்ய வேண்டியது

இப்போது, முதலில் சொன்ன அந்தக் காரியத்துக்கு வருகிறேன். பால் பாக்கெட்டில் தேதி உண்டு, பாஸ்போர்ட்டில் தேதி உண்டு. சாதாரண எஸ்.எஸ்.ஹெச். சாவிக்குக் காலாவதித் தேதி கிடையாது. பாஸ்வேர்டை மாற்றினாலும் அது சாகாது. ஆள் வேலையை விட்டுப் போனாலும், யாராவது நினைவாக நீக்கும் வரை அவர் கொடுத்த பூட்டு அந்தக் கதவில் தொங்கிக்கொண்டே இருக்கும். 2015-ல் அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனம் இந்த ஆபத்தைப் பற்றித் தனி அறிக்கையே வெளியிட்டது. அதை எழுதியவர்களில் ஒருவர் சாட்சாத் தாத்து உலோனென். பூட்டைச் செய்தவரே இருபது ஆண்டு கழித்து வந்து "சாவிகளை எண்ணிப் பாருங்கள்" என்று சொல்ல வேண்டியிருந்தது.

நம்மில் பலர் ஓய்வு பெற்றுவிட்டோம். சிலர் நாலைந்து கம்பெனி மாறிவிட்டோம். வங்கி, ரயில்வே, மின்வாரியம், மருத்துவமனை என்று நாம் கட்டிக் காத்த கம்ப்யூட்டர்கள் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. அவற்றில் நம் பெயரில் ஒரு அனுமதி உயிரோடு இருக்கலாம். அதன் ஜோடி, பரணில் தூங்கும் பழைய லேப்டாப்பிலோ, எடைக்குப் போட எடுத்து வைத்த ஹார்ட் டிஸ்க்கிலோ இருக்கலாம். ஒரு நாள் அது வேறொருவர் கையில் கிடைத்தால், பதிவில் வரப்போவது நம் பெயர்தான்.

எனவே, பழைய ஆபீஸில் இன்னும் பணியில் இருக்கும் தம்பிக்கு ஒரு போன் போடுங்கள். "என் சாவி இன்னும் அங்கே இருக்கான்னு பாரு, இருந்தா எடுத்துடு" என்று சொல்லுங்கள். பணியில் இருப்பவர்கள், யார் யாருக்கு அனுமதி இருக்கிறது என்ற பட்டியலை ஆண்டுக்கு ஒரு முறையாவது எடுத்துப் பார்த்து, அடையாளம் தெரியாத சாவியை நீக்குங்கள். வாடகை வீட்டைக் காலி செய்யும்போது சாவியை ஒப்படைத்துவிட்டு வருவது நம் ஊர் மரியாதை. கம்ப்யூட்டருக்கும் அதே மரியாதையைக் காட்டுவோம்.

வாழ்க நம் நட்பு!