ஙொய்ங்... சத்தம் நிற்கிற நொடி

பல் டாக்டர் நாற்காலியில சாய்ஞ்சாலே அந்த ‘ஙொய்ங்...’ சத்தம் எனக்கு வயித்தைக் கலக்கும். ஆனா விஷயம் தெரிஞ்சவங்க பயந்தது அது நிற்கிற நொடிக்கு.

1957-ல் அமெரிக்கப் பல் மருத்துவர் ஜான் போர்டன் கொண்டுவந்த ‘ஏரோட்டர்’, காற்றழுத்தத்தில் நிமிஷத்துக்கு சுமார் 3 லட்சம் சுற்று சுற்றும். (நம்மூர் டாக்டர்கள் இன்னிக்கும் ஏரோட்டர்னுதான் சொல்றாங்க.) பெடலில் இருந்து காலை எடுத்ததும் காற்று நின்றுவிடும். உள்ளே இருக்கும் குட்டிச் சக்கரம் மட்டும் போன வேகத்தில் இன்னும் கொஞ்சம் சுற்றும். அப்போ உள்ளே அழுத்தம் குறைஞ்சு, வாயில் இருக்கிற எச்சில், ரத்தத்தைக் கொஞ்சம் உறிஞ்சிக்கும். அடுத்தவர் வாயில் வைத்துத் திரும்ப ஓட்டினால்... புரியுதுல்ல?

ஆட்டோகிளேவ் 1879-லேயே வந்தாச்சு. ஆனாலும் பல இடங்களில் ஏரோட்டரை வெளியே மட்டும் ஸ்பிரிட் போட்டுத் துடைச்சாங்க. சூட்டில் பேரிங் சீக்கிரம் போயிடும், ஆளுக்கொன்று வாங்கக் கட்டுப்படியாகாதுன்னு காரணம்.

அப்புறம்தான் கிம்பர்லி பெர்காலிஸ் விவகாரம். 1987 டிசம்பரில் ஃபுளோரிடாவில் டேவிட் ஏசர் என்ற பல் மருத்துவரிடம் 2 கடைவாய்ப் பற்களைப் பிடுங்கிக்கொண்ட பெண். ஏசருக்கு எய்ட்ஸ் இருந்தது. அவரிடமிருந்தே இவருக்குத் தொற்றியிருக்கலாம்னு 1990 ஜூலையில் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் அறிவித்தது. செப்டம்பரில் ஏசர் இறந்தார். அவருடைய நோயாளிகள் மொத்தம் 6 பேரிடம் அவருடையதை ஒத்த வைரஸ்.

மருத்துவர்களுக்குக் கட்டாய எய்ட்ஸ் பரிசோதனை வேணும்னு கேட்க, 1991 செப்டம்பரில் உடம்பு துரும்பாகிப் போன நிலையிலும் ரயிலேறி வாஷிங்டன் போனார் கிம்பர்லி. டிசம்பரில், 23 வயதில், போய்ச் சேர்ந்தார். அவர் கேட்டது சட்டமாகவில்லை.

தொற்று கருவி வழியா வந்ததா, டாக்டர் கைக்காயம் வழியாவா? கடைசிவரை நிரூபிக்க முடியலை. ஆனா அந்தக் கலவரத்தில் எல்லார் பார்வையும் ஏரோட்டர் வயித்துக்குள்ள போச்சு. உள்ளே போற அழுக்கு அடுத்தவர் வாய்க்கு வரக்கூடும்னு 1992-ல் டேவிட் லூயிஸ் குழுவினர் லான்செட் இதழில் எழுதினாங்க. ஒவ்வொரு நோயாளிக்கும் நடுவில் அதை வெப்பத்தில் கிருமி நீக்கணும்னு 1993-ல் மையம் சொல்லிடுச்சு. பேரிங் போனா போகட்டும்! இதுக்கு 36 வருஷம் ஆகியிருக்க வேண்டாம்னுதான் எனக்கு ஆத்திரம்.

போன மாசம் ரூட் கெனாலுக்குப் போனப்ப, “டாக்டர், ஏரோட்டரை ஆட்டோகிளேவ் பண்ணீங்களா?”ன்னு கேட்டுட்டேன். முறைச்சாங்க. அப்புறம் ஒட்டின கவர் ஒண்ணை என் கண்ணெதிரேயே கிழிச்சாங்க. சூடு பட்டா நிறம் மாறுகிற பட்டை மாறித்தான் இருந்தது. வாயைத் திறந்தேன்.